கேத் லேப் பேட்ஜ் என்ன சொல்கிறது? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

எக்ஸ்-ரே படத்தைத் திரையில் பார்த்துக்கொண்டே செய்யும் சிகிச்சைகள் இன்று பல துறைகளில் உண்டு. இதயக் குழாயில் ஸ்டென்ட் வைப்பது, மூளை ரத்தக்குழாய் வீக்கத்தை அடைப்பது, பித்தநாளக் கல்லை எண்டோஸ்கோப் வழியாக எடுப்பது, முறிந்த எலும்புக்குள் கம்பி ஏற்றுவது என்று பட்டியல் நீளும். இந்த அறைகளில் (இதயக் குழாய் சிகிச்சை அறையைக் கேத் லேப் என்பார்கள்) வேலை செய்யும் டாக்டர், நர்ஸ், டெக்னீஷியன், மயக்க மருந்து கொடுப்பவர் எல்லோருக்கும் கையில் ஒரு சிறு பேட்ஜைக் கொடுத்து "மாட்டிக்கொள்ளுங்கள்" என்கிறார்கள். அது எதை அளக்கிறது, ரிப்போர்ட்டில் வரும் எண்ணுக்கு என்ன அர்த்தம் என்று யாரும் உட்காரவைத்துச் சொல்வதில்லை. கதிர்வீச்சுப் பாதுகாப்பு வேலையில் இருப்பவன் என்பதால் என்னிடம் திரும்பத் திரும்ப வரும் கேள்விகள் இவை.

எக்ஸ்-ரே நோயாளி மேல்தானே விழுகிறது? எங்களுக்கு எங்கிருந்து கதிர் வருகிறது?

நோயாளியின் உடம்பிலிருந்து. எக்ஸ்-ரேயை உண்டாக்கும் டியூபிலிருந்து கிளம்பும் கற்றை நோயாளிக்குள் நுழைந்ததும் பெரும்பகுதி உறிஞ்சப்படுகிறது. மிகச் சிறு பகுதி மறுபக்கம் வெளியேறி டிடெக்டரில் படமாகிறது. இன்னொரு பகுதி திசுவில் மோதி, திசை மாறி, நாலா பக்கமும் சிதறுகிறது. அறையில் நிற்பவர்கள் வாங்குவது பெரும்பாலும் இந்தச் சிதறலைத்தான்.

தோராயக் கணக்கு ஒன்று உண்டு. நோயாளியின் தோலில் விழும் கதிரில் ஏறக்குறைய ஆயிரத்தில் ஒரு பங்கு, பக்கவாட்டில் ஒரு மீட்டர் தள்ளி நிற்பவரை எட்டும். ஆயிரத்தில் ஒன்றுதானே என்று தோன்றும். ஆனால் நோயாளி வாழ்நாளில் ஒன்றிரண்டு முறை அந்த மேசையில் படுக்கிறார். நீங்கள் வருடத்துக்கு முந்நூறு நானூறு முறை அதன் பக்கத்தில் நிற்கிறீர்கள்.

சிதறல் எல்லாத் திசையிலும் ஒரே அளவில் இருப்பதும் இல்லை. கற்றை நுழையும் பக்கத்தில்தான் அதிகம், ஏனென்றால் மறுபக்கம் போகும் சிதறலை நோயாளியின் உடம்பே விழுங்கிவிடுகிறது. டியூபை மேசைக்குக் கீழே வைப்பது இதனால்தான். அப்போது அதிகச் சிதறல் தரையை நோக்கிப் போகும். டியூபையும் டிடெக்டரையும் தாங்கும் வளைந்த கையான சி-ஆர்மைத் தலைகீழாகத் திருப்பி டியூபை மேலே கொண்டுவந்தால் அதே சிதறல் உங்கள் முகத்துக்கு வரும்.

இன்னொன்று: எக்ஸ்-ரேயை இயக்கும் மிதியிலிருந்து காலை எடுத்ததும் கதிர் நின்றுவிடும். அறையிலோ நோயாளியிடமோ எதுவும் தங்காது. ஸ்விட்ச் போட்டால் எரிகிற விளக்கு மாதிரிதான்.

பேட்ஜ் போட்டால் பாதுகாப்பா?

இல்லை. பாதுகாப்பது ஈய ஏப்ரனும், தைராய்டு காலரும், மேலிருந்து தொங்கும் ஈயக் கண்ணாடித் தடுப்பும், நீங்கள் தள்ளி நிற்கும் தூரமும்தான். பேட்ஜ் வெறும் கணக்குப்பிள்ளை. அதுவும் தான் மாட்டப்பட்ட இடத்துக்கு வந்த கதிரை மட்டும் எழுதி வைக்கும் கணக்குப்பிள்ளை. கீழே வரும் பாதிக் கேள்விகளுக்கு விடை இதில்தான் இருக்கிறது.

பேட்ஜுக்குள் என்ன இருக்கிறது?

கதிரின் ஆற்றலைச் சேமித்துவைக்கும் சிறு படிகத் துண்டுகள். டிஎல்டி என்று நாம் சொல்லும் வகையில் லித்தியம் ஃப்ளோரைடோ, டிஸ்ப்ரோசியம் கலந்த கால்சியம் சல்பேட்டோ இருக்கும். கதிர் பட்டதும் படிகத்துக்குள் எலக்ட்ரான்கள் இடம்பெயர்ந்து சிறு குழிகளில் சிக்கிக்கொள்கின்றன. ஆய்வகத்தில் அதை 200, 300 டிகிரி வரை சூடாக்கினால் சிக்கியவை விடுபட்டு ஒளியாக வெளிவரும். எவ்வளவு ஒளியோ அவ்வளவு கதிர். ஒருமுறை சூடாக்கிப் படித்துவிட்டால் பதிவு அழிந்துவிடும். சந்தேகம் வந்தால் மறுபடி பார்க்க வழியில்லை.

ஓஎஸ்எல் என்ற வகையில் சூட்டுக்குப் பதில் ஒளி. அலுமினியம் ஆக்சைடின் மேல் பச்சை ஒளியைப் பாய்ச்சினால் அது நீல ஒளியை உமிழும். ஒவ்வொரு முறையும் சேமிப்பில் சிறு பங்குதான் செலவாகும் என்பதால் திரும்பவும் படிக்கலாம். அதற்கு முந்தைய தலைமுறை ஃபிலிம் பேட்ஜ். கழுவினால் கறுப்பின் அடர்த்தியை வைத்து அளவு சொல்வார்கள்.

படிகத்துக்கு முன்னால் செம்பு, பிளாஸ்டிக் என்று சில தகடுகள் இருப்பதைக் கவனித்திருப்பீர்கள். கேத் லேப்பில் சிதறும் கதிரின் ஆற்றல் 20 முதல் 100 கிலோ எலக்ட்ரான் வோல்ட்டுக்குள் இருக்கும். இந்த எல்லைக்குள் கால்சியம் சல்பேட் போன்ற படிகங்கள் உடம்புத் திசுவைவிடப் பல மடங்கு அதிகமாக எகிறிக் காட்டும். எந்தத் தகட்டுக்குப் பின்னால் எவ்வளவு பதிவு என்று ஒப்பிட்டுத்தான் கதிரின் ஆற்றலைக் கண்டுபிடித்து எண்ணைச் சரிசெய்கிறார்கள். அதனால் பேட்ஜை உறையிலிருந்து கழற்றிப் போடுவது, திருப்பி மாட்டுவது, மேலே ஸ்டிக்கர் ஒட்டுவது எல்லாம் கணக்கைக் கெடுக்கும்.

ரிப்போர்ட்டில் 10, 0.07, 3 என்று இருக்கிறதே, அவை என்ன?

ஆழம். மில்லிமீட்டரில். 10 என்பது உடம்புக்குள் 10 மில்லிமீட்டர் ஆழத்தில் விழும் அளவு. முழு உடம்புக்கான மதிப்பீடு இதிலிருந்து வருகிறது. 0.07 என்பது தோலின் உயிருள்ள அடுக்கு தொடங்கும் ஆழம். தோலுக்கும் விரல்களுக்கும் அது. 3 என்பது கண் லென்ஸ் இருக்கும் ஆழம். மூன்றுக்கும் அலகு மில்லிசீவர்ட்தான் (கதிர் உடம்பில் ஏற்படுத்தக்கூடிய பாதிப்பை எடைபோடும் அலகு). அதனால் ஒன்றை இன்னொன்றாக எடுத்துக்கொள்ளும் குழப்பம் அடிக்கடி நடக்கிறது. "போன மாதம் எனக்கு மூன்று மில்லிசீவர்ட்" என்று யாராவது சொன்னால் நான் முதலில் கேட்பது, "எந்த மூன்று? பேட்ஜ் எங்கே இருந்தது?"

பேட்ஜை ஏப்ரனுக்கு உள்ளே போடுவதா, வெளியே போடுவதா?

என்னிடம் வரும் கேள்விகளில் அதிகம் வருவது இதுதான். பதில், முடிந்தால் இரண்டு இடத்திலும். ஒன்று ஏப்ரனுக்கு உள்ளே, நெஞ்சிலோ இடுப்பிலோ. இன்னொன்று வெளியே, கழுத்தருகே காலரில், டியூப் இருக்கும் பக்கமாக.

ஏன் இரண்டு என்பதை ஒரு கணக்கோடு பார்க்கலாம். ஒரு டாக்டருக்கு ஒரு மாதத்தில் உள் பேட்ஜ் 0.1 மில்லிசீவர்ட், வெளிப் பேட்ஜ் 3 மில்லிசீவர்ட் காட்டியதாக வைத்துக்கொள்வோம். அரை மில்லிமீட்டர் ஈயத்துக்குச் சமமான ஏப்ரன் சிதறலில் சில சதவீதத்தை மட்டுமே உள்ளே விடும், அதனால் இவ்வளவு வித்தியாசம் இருப்பது இயல்பு.

இப்போது அவரிடம் உள் பேட்ஜ் மட்டும் இருந்தால் என்ன ஆகும்? வருடத்துக்கு 1.2 மில்லிசீவர்ட். ஆஹா, அருமை என்று கோப்பை மூடிவிடுவார்கள். தலை, கண், கழுத்து, கை எல்லாம் ஏப்ரனுக்கு வெளியே இருக்கின்றன என்பது யாருக்கும் தெரியாமலே போய்விடும். வெளிப் பேட்ஜ் மட்டும் இருந்து, அதையே முழு உடம்பின் அளவாக எடுத்துக்கொண்டால்? வருடத்துக்கு 36. வரம்பையே தாண்டிவிட்டார் என்று பதறி அவரை வேலையிலிருந்து நிறுத்துவார்கள். இரண்டுமே தப்பு.

அமெரிக்காவின் கதிர்வீச்சுப் பாதுகாப்பு அமைப்பான என்சிஆர்பி பரிந்துரைத்த எளிய வாய்பாடு ஒன்று உண்டு: உள் பேட்ஜின் எண்ணில் பாதி, அதோடு வெளிப் பேட்ஜின் எண்ணை 0.025-ஆல் பெருக்கிக் கூட்டுங்கள். நம் டாக்டருக்கு 0.05 + 0.075 = 0.125 மில்லிசீவர்ட். வெளிப் பேட்ஜ் ஒன்றுதான் இருக்கிறது என்றால் அதன் எண்ணை 21-ஆல் வகுக்கச் சொல்கிறது அதே அமைப்பு. 3-ஐ 21-ஆல் வகுத்தால் 0.14. இரண்டும் ஏறக்குறைய ஒத்துப்போகின்றன. வருடத்துக்கு ஒன்றரை மில்லிசீவர்ட் சுற்றுவட்டாரம். முழு உடம்பு நல்ல நிலையில்தான் இருக்கிறது.

அப்படியானால் அந்த 36 என்ன ஆனது? அது போலி எண் இல்லை. அது கழுத்தருகே, அதாவது கண்ணுக்குக் கொஞ்சம் கீழே விழுந்த உண்மையான அளவு. கண்ணுக்கான வருட வரம்பு 20. முழு உடம்புக்குப் பிரச்சினையே இல்லாத இதே மனிதருக்குக் கண் விஷயத்தில் உடனே ஏதாவது செய்தாக வேண்டும். ஒரே பேட்ஜ் வைத்திருக்கும் இடங்களில் நழுவிப்போவது இந்த வகை ஆட்கள்தான்.

ஒரே ஒரு பேட்ஜுக்குத்தான் வழி என்றால் நான் வெளியே, காலரில் போடுவேன். உள்ளே போடச் சொல்லும் விதி இருக்கும் இடங்களும் உண்டு. அங்கே விதிப்படி செய்யுங்கள். எதுவானாலும் எல்லா மாதமும் ஒரே இடத்தில் இருக்கட்டும். இந்த மாதம் உள்ளே, அடுத்த மாதம் வெளியே என்று மாற்றி மாற்றிப் போட்டால் அந்த எண்ணை வைத்துக்கொண்டு யாராலும் எதுவும் சொல்ல முடியாது.

கண்ணுக்கு ஏன் இவ்வளவு கெடுபிடி?

முன்பு கண் லென்ஸின் வரம்பு வருடத்துக்கு 150 மில்லிசீவர்ட்டாக இருந்தது. கதிர்வீச்சுப் பாதுகாப்புக்கான சர்வதேச ஆணையமான ஐசிஆர்பி 2011-ல் அதை 20 ஆகக் குறைக்கச் சொன்னது: ஐந்து வருடச் சராசரி 20, எந்த ஒரு வருடத்திலும் 50-ஐத் தாண்டக் கூடாது. லென்ஸில் மங்கல் ஏற்படுத்தும் அளவு முன்பு நினைத்ததைவிட மிகக் குறைவு, ஏறக்குறைய 0.5 கிரே (கிரே என்பது திசு உறிஞ்சும் கதிரின் அலகு; எக்ஸ்-ரேயில் இது 500 மில்லிசீவர்ட்டுக்குச் சமம்) என்று தெரியவந்ததுதான் காரணம். அதுவும் ஒரே நாளில் வாங்க வேண்டியதில்லை. வருடக்கணக்கில் சேர்ந்தாலும் போதும்.

சர்வதேச அணுசக்தி முகமை நடத்திய ரெலிட் ஆய்வில் கேத் லேப் டாக்டர்களையும் நர்ஸ்களையும் கண் பரிசோதனைக்கு உட்படுத்தினார்கள். கதிர் வேலையில் இல்லாதவர்களைவிட அவர்களுக்கு லென்ஸின் பின்பகுதியில் மங்கல் அதிகமாக இருந்தது. கதிரோடு தொடர்புடைய மங்கல் தொடங்கும் இடம் அது.

அளப்பதற்குச் சிறந்த வழி, கண்ணுக்குப் பக்கத்தில், நெற்றிப்பட்டையிலோ கண்ணாடிச் சட்டத்திலோ மாட்டும் சிறு டோசிமீட்டர், அதாவது கதிர் அளக்கும் கருவி. நோயாளியின் வலப்பக்கம் நின்று திரையைப் பார்ப்பவருக்குப் பெரும்பாலும் இடக்கண்தான் டியூபுக்கு அருகில் இருக்கும், அதனால் இடப்பக்கம் மாட்டுவது வழக்கம். இதையெல்லாம் தலையில் கட்டிக்கொண்டு மூன்று மணி நேரம் நிற்பது தொந்தரவு என்று டாக்டர்கள் சொன்னால் எனக்கும் மறுக்க மனம் வருவதில்லை. அவர்களுக்காக ஒரு நடுவழி: மூன்று மாதம் மட்டும் கண் டோசிமீட்டரும் காலர் பேட்ஜும் சேர்த்துப் போடுங்கள். இரண்டுக்கும் உள்ள விகிதம் தெரிந்துவிட்டால், வேலை முறை மாறாத வரை, காலர் எண்ணை வைத்தே கண்ணைக் கணிக்கலாம்.

ஈயக் கண்ணாடி போடுகிறேன். என் கண் அளவு பூஜ்யம்தானே?

கண்ணாடி தன் வழியாக நேராக வரும் கதிரை நன்றாகத் தடுக்கும். ஆனால் சிதறல் கீழிருந்தும் பக்கவாட்டிலிருந்தும் வருகிறது. கன்னத்துக்கும் சட்டத்துக்கும் இடையிலுள்ள சந்து வழியாக நுழைகிறது. உங்கள் தலையில் பட்ட கதிரே திரும்பிச் சிதறியும் கண்ணை எட்டுகிறது. அதனால் நடைமுறையில் கிடைக்கும் பயன், அளவு பாதியாவது, நல்ல பொருத்தமுள்ள கண்ணாடி என்றால் அதற்கும் கீழே இறங்குவது. டோசிமீட்டர் கண்ணாடிக்கு வெளியே இருந்து, வேறு அளவீடு எதுவும் கையில் இல்லையென்றால், 2-ஆல் வகுப்பதே பாதுகாப்பான கணிப்பு. முகத்தோடு ஒட்டி உட்காராத அழகான சட்டத்துக்கு நான் அந்த 2-ஐக்கூடத் தயக்கத்தோடுதான் கொடுப்பேன்.

மோதிர டோசிமீட்டர் எல்லோருக்கும் தேவையா?

கை கற்றைக்கு அருகில் போகிறவர்களுக்கு மட்டும். கையின் வருட வரம்பு 500 மில்லிசீவர்ட். தோலின் ஏதாவது ஒரு சதுர சென்டிமீட்டருக்கு அந்த அளவு என்று பொருள், கை முழுவதற்கும் சராசரி போட்டுத் தப்பிக்க முடியாது. டியூபுக்கு அருகில் இருக்கும் கையில், படிகம் டியூபைப் பார்க்கும்படி, கையுறைக்கு உள்ளே போட வேண்டும். டியூப் கீழே இருந்தால் படிகம் உள்ளங்கைப் பக்கம் வரணும். மோதிரக் கல்லைப் போல மேலே வைத்துக்கொண்டால் விரலே கதிரைத் தடுத்து எண்ணைக் குறைத்துவிடும். கிருமி நீக்க ஆட்டோகிளேவில் போட்டுவிடாதீர்கள். சூட்டில் ஒளியாகும் படிகம் என்று மேலே சொன்னேனே, சூட்டில் பதிவு போய்விடும்.

ஈயக் கையுறை போட்டுக்கொண்டு கற்றைக்குள் கை வைப்பவர்களும் உண்டு. கையுறை படத்துக்குள் வந்ததும் மெஷின் "படம் இருட்டாக இருக்கிறது" என்று நினைத்துத் தானாகவே கதிரைக் கூட்டும். நோயாளிக்கும் அதிகம், உங்களுக்கும் அதிகம்.

கால்கள்?

டியூப் கீழே இருக்கும்போது அதிகச் சிதறல் கால்களுக்குத்தான். மேசை ஓரத்தில் தொங்கும் ஈயத் திரை இருந்தால் பெரிய கவலை இல்லை. திரையே இல்லாத மேசை என்றால் ஒரு மாதம் கணுக்காலில் ஒரு டோசிமீட்டர் கட்டிப் பார்த்துவிடுங்கள்.

வரம்புகள் என்னென்ன?

ஐசிஆர்பி பரிந்துரைத்து, பெரும்பாலான நாடுகள் சின்னச் சின்ன மாற்றங்களோடு ஏற்றுக்கொண்டவை: முழு உடம்புக்கு ஐந்து வருடச் சராசரியாக வருடத்துக்கு 20 மில்லிசீவர்ட், எந்த ஒரு வருடத்திலும் 50-க்கு மேல் போகக் கூடாது. கண்ணுக்கும் அதே எண்கள். தோலுக்கும் கை கால்களுக்கும் 500. ஒப்பிட்டுப் பார்க்க, இயற்கையிலிருந்து மனிதர்கள் வாங்குவது உலகச் சராசரியாக வருடத்துக்கு 2.4 மில்லிசீவர்ட்.

20 வரை வாங்கிக்கொள்ளலாம் என்று இதற்குப் பொருள் இல்லை. நன்றாக நடக்கும் கேத் லேப்பில் முழு உடம்பு அளவு இதில் சிறு பங்குதான் இருக்கும். வரம்பை எட்டும்வரை காத்திருக்காமல், அதற்கு வெகு கீழேயே ஓர் எண்ணை வைத்துக்கொண்டு, அதைத் தொட்டதும் என்ன நடந்தது என்று விசாரிப்பதே வழக்கம். உலக சுகாதார நிறுவனம் 2000-ல் மாதத்துக்கு முழு உடம்பு 0.5, கண் 5, கை 15 மில்லிசீவர்ட் என்று விசாரணை அளவுகளைச் சொன்னது. இதில் கண்ணுக்கான எண் பழைய 150 வரம்பின் காலத்தது. இன்றும் அதையே சுவரில் ஒட்டிவைத்திருந்தால் மாற்றிவிடுங்கள். மாதம் ஐந்து என்றால் வருடத்துக்கு அறுபது.

எனக்கு எப்போதும் பூஜ்யம்தான் வருகிறது. சந்தோஷப்படலாமா?

நீங்கள் கட்டுப்பாட்டு அறையில் கண்ணாடிக்குப் பின்னால் உட்கார்பவர் என்றால் சந்தோஷப்படுங்கள். மேசை ஓரத்தில் மாதம் நாற்பது ஆஞ்சியோ செய்பவரின் காலர் பேட்ஜில் பூஜ்யம் என்றால் எனக்குக் கவலைதான். பேட்ஜ் மேசை டிராயரில் தூங்கியிருக்கிறது என்பதே அநேகமாக அதற்குப் பொருள்.

பூஜ்யம் என்பது உண்மையில் "எங்களால் அளக்க முடிந்ததைவிடக் குறைவு" என்பதன் சுருக்கம். ஆய்வகத்தைப் பொறுத்து 0.05 அல்லது 0.1 மில்லிசீவர்ட்டுக்குக் கீழே இருப்பதைப் பூஜ்யமாக எழுதுவார்கள். இயற்கைக் கதிரைக் கழிக்க, யாரும் அணியாத ஒரு கட்டுப்பாட்டு பேட்ஜையும் கூடவே அனுப்புவார்கள். அதை எக்ஸ்-ரே அறைக்குள் தொங்கவிட்டால், எல்லோருடைய எண்ணிலிருந்தும் அந்த அறையின் கதிர் கழிக்கப்பட்டு, மொத்தத் துறையும் பூஜ்யமாகிவிடும். இதைக் கண்ணால் பார்த்திருக்கிறேன். சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை.

போட்டார்களா இல்லையா என்று சோதிக்க எளிய வழி, அந்த மாதம் அவர் செய்த சிகிச்சைகளின் கணக்கோடு எண்ணை ஒப்பிடுவது. வேலை இரட்டிப்பானால் எண்ணும் ஏறணும். ஏறவில்லையென்றால் போய்ப் பேசணும்.

பயத்தால் போடாதவர்களும் உண்டு. எண் அதிகமாக வந்தால் வேலையிலிருந்து நிறுத்திவிடுவார்கள் என்ற பயம். எண் ஏறியதற்காக ஆளைத் தண்டிக்கும் இடத்தில் பூஜ்யங்கள் மட்டும்தான் கிடைக்கும். இதில் தவறு பேட்ஜைக் கழற்றியவரிடம் மட்டும் இல்லை.

திடீரென்று ஒரு மாதம் எண் பல மடங்கு வந்துவிட்டது. என்ன செய்வது?

முதலில் பதற வேண்டாம். பேட்ஜ் எங்கே இருந்தது என்று பின்னோக்கிப் பாருங்கள். நான் விசாரித்த ஒன்றில் ஒரு நர்ஸுக்கு வழக்கத்தைவிட இருபது மடங்குக்கு மேல் வந்திருந்தது. அவர் விடுப்பில் போனபோது பேட்ஜோடு ஏப்ரனைக் கழற்றி, அறைக்குள்ளேயே மேசைக்குப் பக்கத்திலுள்ள கொக்கியில் மாட்டிவிட்டுப் போயிருக்கிறார். இரண்டு வாரம் அவர் இல்லாமலே பேட்ஜ் "டியூட்டி" பார்த்திருக்கிறது. உள் பேட்ஜும் வெளிப் பேட்ஜும் இடம் மாறிப்போவது, தனக்கே எக்ஸ்-ரேயோ சிடியோ எடுக்கும்போது பேட்ஜைக் கழற்றாமல் படுப்பது, ஐசோடோப் சிகிச்சை பெற்ற ஒருவரின் அருகில் பேட்ஜ் கிடந்தது என்று காரணங்கள் பல.

எல்லாம் சரியாக இருந்தும் எண் உண்மை என்று தெரிந்தால், அந்த மாத வேலையைப் பாருங்கள். கடினமான சிகிச்சைகள் அதிகமா? தொங்கும் தடுப்பு பழுதாகிக் கிடந்ததா? புது மெஷின் வந்ததா? சினி பதிவின் (படங்களைச் சேமித்துவைக்க எடுக்கும் பதிவு) வேகத்தை யாராவது கூட்டினார்களா? விசாரணை முடிவைச் சம்பந்தப்பட்டவரிடம் சொல்லி, எழுதி, கோப்பில் வையுங்கள். பிடிக்காத எண்ணை அழித்துவிட்டுச் சராசரியை எழுதும் பழக்கம் மட்டும் வேண்டாம்.

உடனுக்குடன் காட்டும் எலக்ட்ரானிக் டோசிமீட்டர் இருக்கிறதே, அது போதாதா?

கற்றுக்கொள்ள அதைவிட நல்ல கருவி இல்லை. மாதம் கழித்து வரும் காகிதம் யாருடைய பழக்கத்தையும் மாற்றாது. சிலிக்கான் உணரியுள்ள சிறு வில்லையை நெஞ்சில் மாட்டினால், சுவரிலுள்ள திரையில் ஒவ்வொருவருக்கும் ஒரு பட்டை பச்சை, மஞ்சள், சிவப்பு என்று ஏறி இறங்கும். ஒரு அடி பின்னால் நகர்ந்ததும் பட்டை இறங்குவதைப் பார்ப்பவருக்கு வகுப்பு தேவையில்லை.

ஆனால் சட்டப்படியான பதிவுக்கு எல்லா இடத்திலும் இதை ஏற்பதில்லை. ஃப்ளூரோ, அதாவது திரையில் நேரலையாகப் பார்க்கும் படத்துக்கான கதிர், தொடர்ந்து ஓடுவதில்லை; சில மில்லி வினாடிகள் நீளும் துடிப்புகளாக வருகிறது. துடிப்புக்குள் கதிர் மிகச் செறிவாக இருக்கும். ஒவ்வொரு கதிராக எண்ணும் கைகர் வகைக் கருவி ஒன்றை எண்ணி முடிப்பதற்குள் அடுத்த பத்து கடந்துபோயிருக்கும், அதனால் குறைவாகக் காட்டும், சில சமயம் ஒன்றுமே காட்டாது. வாங்கும் முன் "துடிப்புக் கதிருக்கும் குறைந்த ஆற்றலுக்கும் சோதித்ததா?" என்று கேளுங்கள். அணு உலைகளுக்காகச் செய்த கருவியைக் கேத் லேப்பில் மாட்டுவது தப்பு.

மெஷின் திரையில் கடைசியில் ஓர் எண் வருகிறதே, அது எங்கள் அளவா?

இல்லை, அது நோயாளிக்குரியது. டோஸ்-பரப்புப் பெருக்கம் என்று ஒன்று வரும், அலகு கிரே-சதுர சென்டிமீட்டர். கற்றையின் செறிவையும் பரப்பையும் பெருக்கியது. இன்னொன்று, நோயாளியின் தோல் இருக்கக்கூடிய ஒரு குறிப்புப் புள்ளியில் மொத்தம் எவ்வளவு கிரே என்பது. முதல் எண்தான் நமக்கு உதவும். நோயாளிக்குள் எவ்வளவு போனதோ அதற்கேற்பத்தான் சிதறல், ஆகவே உங்கள் அளவும் ஏறக்குறைய அதோடு சேர்ந்து ஏறும். உங்கள் மாத எண்ணை அந்த மாத டோஸ்-பரப்புப் பெருக்கத்தின் மொத்தத்தால் வகுத்துப் பாருங்கள். அதே வேலை செய்யும் சக டாக்டரைவிட அந்த விகிதம் மூன்று மடங்கு இருந்தால், நீங்கள் தடுப்பை ஒழுங்காகப் பயன்படுத்தவில்லை என்று பொருள். வேலை அதிகம் என்ற சாக்கு இங்கே செல்லாது, வேலையை ஏற்கெனவே வகுத்துவிட்டோம்.

ஃப்ளூரோ நிமிடங்களை மட்டும் குறித்து வைப்பவர்களும் இருக்கிறார்கள். அதில் சினி பதிவு சேராது, நோயாளியின் பருமனும் தெரியாது. ஒன்றுமில்லாததற்கு அது பரவாயில்லை, அவ்வளவுதான்.

அறையில் யாருக்கு அதிகம்?

மேசை ஓரத்தில் நிற்கும் முதன்மை டாக்டருக்கு. ஒரு சிகிச்சைக்கு ஏப்ரனுக்குள் அவருக்குச் சேரும் முழு உடம்பு அளவு ஒரு மைக்ரோசீவர்ட்டில் (மில்லிசீவர்ட்டில் ஆயிரத்தில் ஒன்று) சிறு பங்கிலிருந்து சில பத்து மைக்ரோசீவர்ட் வரை மாறும். ஒரே சிகிச்சைக்கு இவ்வளவு வித்தியாசம் எப்படி? நோயாளியின் உடல்வாகு, கோணம், தடுப்பு, பழக்கம். டிடெக்டரை நோயாளியின் இடப்பக்கம் சாய்த்துப் பார்க்கும் கோணத்தில் டியூப் வலப்பக்கம், அதாவது டாக்டரின் பக்கம் வந்துவிடுகிறது; அவருக்குச் சிதறல் கூடும். சினி பதிவில் கதிர் ஃப்ளூரோவைவிடப் பல மடங்கு. அந்தச் சில வினாடி இரண்டு அடி பின்வாங்கினாலே நிறைய மிச்சம். ஒரு மீட்டரிலிருந்து இரண்டு மீட்டருக்குப் போனால் கால்பங்காகிவிடும்.

கவனத்திலிருந்து நழுவுபவர் மயக்க மருந்து கொடுப்பவர். நோயாளியின் தலைமாட்டில், மூளைக் குழாய் சிகிச்சையில் டியூபுக்கு வெகு அருகில் உட்கார்ந்திருப்பார். தொங்கும் தடுப்பு அவர் பக்கம் இருக்காது. பேட்ஜும் பல இடங்களில் அவருக்குத் தரப்படுவதில்லை. கேட்டு வாங்குங்கள். மருந்து கொடுக்கக் குனியும் நர்ஸுக்கும் இதே பிரச்சினை. ஏப்ரன் முன்பக்கம் மட்டும் உள்ளதென்றால் டியூபுக்கு முதுகைக் காட்டும் நேரமெல்லாம் பாதுகாப்பு இல்லாத நேரம். நெஞ்சிலுள்ள பேட்ஜ் அதைப் பதிவும் செய்யாது.

கர்ப்பமாக இருக்கிறேன். வேலையை விடணுமா?

விடவேண்டிய கட்டாயம் இல்லை. நீங்கள் தெரிவித்த பிறகு, மீதிக் கர்ப்ப காலம் முழுவதற்கும் கருவுக்கு 1 மில்லிசீவர்ட்டைத் தாண்டாமல் பார்த்துக்கொள்வது ஐசிஆர்பி சொல்லும் எல்லை. இதற்காக ஏப்ரனுக்கு உள்ளே, அடிவயிற்றில் தனி பேட்ஜ் ஒன்று போட்டு மாதந்தோறும் பார்க்க வேண்டும். வயிற்றின் மேல் காட்டும் எண் கருவுக்கு உண்மையில் போனதைவிட அதிகமாகவே இருக்கும், இடையில் உங்கள் உடம்பும் கொஞ்சம் தடுக்கிறது. வெளிப் பேட்ஜின் எண்ணைப் பார்த்துப் பயப்படாதீர்கள், அது கருவின் அளவு இல்லை. அறையின் எண்கள் எப்படி என்று தெரிந்துகொண்டு, இடம் மாறுவதா வேண்டாமா என்பதை நீங்கள் முடிவு செய்யுங்கள்.

பேட்ஜ் எவ்வளவு துல்லியம்?

வரம்பை ஒட்டிய அளவுகளில் உண்மை எண்ணுக்கு ஒன்றரை மடங்கு மேலோ கீழோ இருந்தால் ஏற்கலாம் என்பது பொதுவாக ஒப்புக்கொள்ளப்பட்ட நிலை. குறைந்த அளவுகளில் இன்னும் தளர்வு. 1.83 என்று இரண்டு தசமம் வரை அச்சடித்து வரும், அதை நம்பி 1.79 வாங்கியவரோடு போட்டி போட வேண்டாம். ஆய்வகத்தில் பேட்ஜைச் சோதிப்பது 30 சென்டிமீட்டர் சதுரப் பலகை மேல், கதிர் நேராக விழும்படி. நீங்களோ சாய்கிறீர்கள், திரும்புகிறீர்கள், கதிரும் கீழிருந்து வருகிறது.

இரண்டு மருத்துவமனைகளில் வேலை செய்கிறேன். இரண்டு பேட்ஜா?

ஒவ்வொரு இடத்துக்கும் தனி பேட்ஜ், ஆனால் வருடக் கணக்கு உங்களுக்கு ஒன்றுதான். இரண்டு ரிப்போர்ட்டையும் கூட்டிப் பார்க்கும் பொறுப்பை யாராவது ஏற்றிருக்கிறார்களா என்று கேளுங்கள். பெரும்பாலும் ஏற்றிருக்க மாட்டார்கள். நீங்களே ஒரு நோட்டில் எழுதிவாருங்கள்.

பேட்ஜ் தொலைந்துவிட்டது, அல்லது சட்டையோடு துவைத்துவிட்டேன்.

உடனே பொறுப்பாளரிடம் சொல்லுங்கள், மாதக் கடைசிவரை காத்திருக்காதீர்கள். மாற்று பேட்ஜ் வரும்வரை அடுத்தவருடையதைக் கடன் வாங்கக் கூடாது. ஒரே பேட்ஜில் இரண்டு பேர் கணக்கு கலந்தால் பிரிக்க முடியாது. துவைத்ததை வீசிவிடாமல் அப்படியே, ஒரு குறிப்போடு அனுப்புங்கள், படிகம் பிழைத்திருந்தால் படிக்க முடியலாம். படிக்க முடியாவிட்டால் முந்தைய மாதங்களின் எண்ணையும் அந்த மாதம் செய்த சிகிச்சைகளின் டோஸ்-பரப்புப் பெருக்கத்தையும் வைத்து ஒரு மதிப்பீட்டை எழுதி, பக்கத்தில் "மதிப்பீடு" என்று குறித்து வைப்பார்கள்.